பவர் செட்டிங்கைப் பூட்டுவதா, திரும்பத் திரும்ப வைப்பதா, போனால் போகட்டும் என்று விடுவதா?

திருமங்கலத்தில் பத்து கம்ப்யூட்டர் போட்டு டைப்பிங்கும் டாலியும் சொல்லித் தரும் சென்டர். சிம்மக்கல்லில் மூன்று பேர் உட்காரும் கணக்கு ஆபீஸ். மேலூர் பக்கம் ஒரு இ-சேவை மையம். மூன்று இடத்திலும் ஒரே புகார்தான் வரும்: "எல்லாருக்கும் ஸ்டாண்டர்ட் யூசர் அக்கவுன்ட்தான் கொடுத்திருக்கோம், அட்மின் பாஸ்வேர்ட் எங்ககிட்டதான் இருக்கு. அப்புறம் எப்படி ஸ்லீப் டைம் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு?"

மாறத்தான் செய்யும். ஸ்டாண்டர்ட் அக்கவுன்ட்டில் இருப்பவர் புது சாஃப்ட்வேர் போட முடியாது, டிரைவரைத் தொட முடியாது. ஆனால் ஸ்க்ரீன் எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும், கம்ப்யூட்டர் எப்போது தூங்க வேண்டும், எந்தப் பவர் பிளான் (இந்த நேரங்களையெல்லாம் சேர்த்து வைத்த தொகுப்பு) ஓட வேண்டும் என்பதையெல்லாம் அவர் தாராளமாக மாற்றலாம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கதை நேர்மாறு: லிமிடெட் யூசருக்கு அந்த அனுமதி இல்லை என்பதே தலைவலி. 2007-இல் விஸ்டா வந்தபோது மைக்ரோசாஃப்ட் கதவைத் திறந்துவிட்டது. விண்டோஸ் 11 வரை அது திறந்தேதான் கிடக்கிறது. அட்மின் கேட்பது சில விஷயங்களுக்குத்தான்: ஹைபர்னேட்டை (திறந்த வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) ஆன், ஆஃப் செய்வது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக், விழித்ததும் பாஸ்வேர்ட் கேட்பது. கேடயப் படம் போட்ட இணைப்பைத் தொட்டால்தான் அவை திறக்கும்.

அதைவிட முக்கியமான இன்னொன்று. விண்டோஸில் பவர் பிளான் ஆளுக்கு ஒன்று கிடையாது, மெஷினுக்கு ஒன்று. காலை பேட்ச் மாணவர் "நெவர்" என்று வைத்துவிட்டுப் போனால், மாலையில் வேறு அக்கவுன்ட்டில் நுழைபவருக்கும் அதே நெவர்தான். ராத்திரி கடை பூட்டிய பிறகும் அதேதான். கடைசியாக யார் கை வைத்தாரோ அவர் வைத்ததே சட்டம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், கீழே வரும் வழிகளில் எது நமக்கு ஆகும் என்பது பாதி தெளிந்துவிடும்.

பணக் கணக்கையும் போட்டுவிடலாம். சும்மா ஆன் ஆகிக் கிடக்கும் டெஸ்க்டாப் 50 வாட், மானிட்டர் 20 வாட் என்று வைத்துக்கொண்டால் 70 வாட். இரவு 8 மணியிலிருந்து காலை 9 வரை 13 மணி நேரம்: ஒரு சிஸ்டத்துக்கு 0.91 யூனிட், பத்துக்கு 9 யூனிட்டுக்கு மேல். மாதம் 25 நாள் வீதம், இரண்டு மாத ரீடிங்குக்கு சுமார் 450 யூனிட். அதே பத்தும் ஸ்லீப்பில் 2, 3 வாட்டில் கிடந்தால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 20 யூனிட்டைத் தாண்டாது. கடை இணைப்பு என்றால் வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டும் கிடையாது. உங்கள் கார்டில் இருக்கும் யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள்; இதற்கு அரை நாள் செலவழிக்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

முதலில், செய்யக் கூடாத வழி. ஆனால் ஊரில் அதிகம் நடப்பது அதுதான்: தொல்லை தாங்காமல் எல்லோரையும் அட்மின் ஆக்கிவிடுவது. அதன் தம்பி ஒன்று உண்டு. வேறு அக்கவுன்ட்டின் பெயரில் புரோகிராமை ஓட்டும் ரன்அஸ் கட்டளையோடு, பாஸ்வேர்டைச் சேமித்துவைக்கும் சேவ்கிரெட் சேர்த்து டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் போட்டுக் கொடுப்பது; பாஸ்வேர்ட் ஒருமுறை கேட்கும், பிறகு கேட்காது. பவர் பட்டனுக்குத்தானே என்று தோன்றும். ஆனால் சேமித்து வைத்த அந்தப் பாஸ்வேர்டை வைத்து அந்த அக்கவுன்ட்காரர் எந்த புரோகிராமையும் அட்மினாக ஓட்டலாம். வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை. இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு மேலே போவோம்.

ஒருமுறை சரியாக வைத்துவிட்டு விட்டுவிடுவது

மூன்று பேர் ஆபீஸுக்கு இதுவே போதும். யாரும் வேண்டுமென்றே செட்டிங்கைக் குடைவதில்லை. முதலில் சரியாக வைக்காததுதான் அங்கே பிரச்சினை.

கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதில் சேஞ்ச் என்ற ஸ்விட்சோடு (கட்டளைக்குப் பின்னால் சேர்க்கும் சொல்) மானிட்டர்-டைம்அவுட்-ஏசி 10, ஸ்டாண்ட்பை-டைம்அவுட்-ஏசி 20 என்று கொடுத்தால், கரண்டில் ஓடும்போது 10 நிமிடத்தில் திரை அணையும், 20 நிமிடத்தில் தூங்கும். ஏசி என்ற இடத்தில் டிசி போட்டால் பேட்டரிக்கான மதிப்பு. 0 என்றால் நெவர். இங்கே எண் நிமிடக் கணக்கு. இதை மனதில் வையுங்கள், பின்னால் வேறு மாதிரி வரும்.

டாலி டேட்டாவை ஷேர் போட்டு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் விதிவிலக்கு. அது தூங்கினால் மற்ற இருவரும் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிடும். நெட்வொர்க் வழியாக ஃபைல் திறந்திருக்கும்வரை விண்டோஸ் தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான், ஆனால் அடுத்தவர் சாப்பிடப் போய் வேலை கொஞ்ச நேரம் நின்றால் போதும், அது கண்ணை மூடிக்கொள்ளும். அந்த ஒரு மெஷினுக்கு ஸ்டாண்ட்பை 0 வைத்துத் திரையை மட்டும் 5 நிமிடத்தில் அணைய விடுங்கள்.

பக்கத்தை மறைத்து வைப்பது

குரூப் பாலிசியில் (அட்மின் மெஷினுக்கு விதி வைக்கும் இடம், திறப்பது எப்படி என்பது அடுத்த பகுதியில்) செட்டிங்ஸ் பேஜ் விசிபிலிட்டி என்று ஒன்று உண்டு. அதில் ஹைட், முக்காற்புள்ளி, பவர்ஸ்லீப் என்று எழுதினால் செட்டிங்ஸில் அந்தப் பக்கமே தெரியாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் ஐகானையும் இப்படி மறைக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும், பலன் குறைவு. கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து மேலே சொன்ன அதே கட்டளையை மாணவர் அடித்தால் மதிப்பு மாறிவிடும். யூடியூப் பார்த்த பிளஸ் டூ பையனுக்கு அது தெரியாமல் இருக்காது. பூட்டோடு சேர்த்துப் போடும் திரையாக இதை வைத்துக்கொள்ளலாம், பூட்டாக நம்ப வேண்டாம்.

குரூப் பாலிசி: உண்மையான பூட்டு

விண்டோஸ் ப்ரோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹோம் எடிஷனில் லோக்கல் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்பெனி டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் ப்ரோவே இருக்கும். புதிதாக வாங்கிய பட்ஜெட் லேப்டாப்களில் ஹோம்தான் வரும்.

ப்ரோ என்றால் வழி இது. அட்மின் அக்கவுன்ட்டில் நுழைந்து, விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அழுத்தி, ஜிபிஎடிட் டாட் எம்எஸ்சி அடியுங்கள். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், பவர் மேனேஜ்மென்ட் என்று இறங்குங்கள். உள்ளே ஸ்லீப் செட்டிங்ஸ், வீடியோ அண்ட் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், பட்டன் செட்டிங்ஸ், ஹார்ட் டிஸ்க் செட்டிங்ஸ் என்று தனித்தனி ஃபோல்டர் இருக்கும். ஸ்லீப் செட்டிங்ஸில் "ஸ்பெசிஃபை தி சிஸ்டம் ஸ்லீப் டைம்அவுட்" என்பது இரண்டு முறை இருக்கும்: ஒன்று ப்ளக்ட் இன், இன்னொன்று ஆன் பேட்டரி. இரண்டையும் எனேபிள் செய்து எண்ணைப் போட வேண்டும்.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். பாலிசியில் எண் வினாடிக் கணக்கு. பவர்சிஎஃப்ஜி பழக்கத்தில் 20 என்று போட்டுவிட்டால், மாணவர் கையை எடுத்து நோட்டைப் புரட்டுவதற்குள் கம்ப்யூட்டர் தூங்கிவிடும். எழுப்பினால் 20 வினாடியில் மறுபடி தூங்கும். பாலிசி பூட்டு அட்மினுக்கும் பொருந்தும் என்பதால், செட்டிங்ஸில் போய் மாற்றவும் முடியாது. மவுஸை ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறு கையால் எடிட்டரைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும். 20 நிமிடத்துக்கு 1200, திரை அணைய 10 நிமிடத்துக்கு 600. பவர்சிஎஃப்ஜியிலேயே செட்ஏசிவேல்யூஇண்டெக்ஸ் என்ற ஸ்விட்சைப் பயன்படுத்தினாலும் இதே வினாடிக் கணக்குதான். அதோடு அந்த ஸ்விட்சுக்குப் பிறகு பிளானை ஒருமுறை செட்ஆக்டிவ் செய்தால்தான் மதிப்பு அமலுக்கு வரும்.

முடித்ததும் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஜிபிஅப்டேட், ஃபோர்ஸ் கொடுங்கள். பிறகு மாணவர் அக்கவுன்ட்டில் நுழைந்து பாருங்கள்: ஸ்லீப் கீழிறங்கு பெட்டி சாம்பல் நிறமாகி, மேலே நிர்வாகி கட்டுப்படுத்துகிறார் என்ற குறிப்பு தெரியும். அவர் ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளானுக்குத் தாவினாலும் பூட்டிய மதிப்பு மாறாது. பாலிசி எல்லாப் பிளானுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும். பிளான் தாவுவதையே நிறுத்த வேண்டுமென்றால் பவர் மேனேஜ்மென்ட் ஃபோல்டரிலேயே "செலக்ட் ஆன் ஆக்டிவ் பவர் பிளான்" இருக்கிறது. பூட்டைக் கழற்ற, அதே இடத்தில் நாட் கான்ஃபிகர்ட்.

இதன் குறை: கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன் என்ற பெயரே சொல்கிறது, இது மெஷினுக்கானது. ஆசிரியருக்கு நெவர், மாணவருக்கு 20 நிமிடம் என்று இதில் பிரிக்க முடியாது. பத்து மெஷின் என்றால் பத்திலும் உட்கார்ந்து செய்ய வேண்டும். கல்லூரி லேபில் டொமைன் (எல்லா மெஷினையும் ஒரு சர்வரோடு இணைத்து நிர்வகிக்கும் அமைப்பு) இருந்தால் சர்வரில் ஒரே இடத்தில் வைத்து எல்லாவற்றுக்கும் தள்ளிவிடலாம். ஆனால் பவர் செட்டிங்குக்காக மட்டும் டொமைன் போடாதீர்கள். எறும்பைக் கொல்ல யானையைக் கூட்டி வந்தது போலாகும்.

டாஸ்க் ஷெட்யூலர்: பூட்டாமல் திருத்துவது

ஹோம் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கும், ஆளுக்கு ஆள் வேறு மதிப்பு வேண்டுபவர்களுக்கும் எங்கள் பரிந்துரை இது. யார் எதை மாற்றினாலும் மாற்றட்டும், அடுத்த லாகின்னில் நம் மதிப்பு தானே திரும்பிவிடும் என்பதுதான் யோசனை.

முதலில் ஒரு பிளானை நம் விருப்பப்படி அமைத்து, பவர்சிஎஃப்ஜி லிஸ்ட் கொடுத்து அதன் நீண்ட அடையாள எண்ணை நகலெடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் ஸ்விட்சால் அதை ஒரு பவ் ஃபைலாகப் பென்டிரைவில் எடுத்து, மற்ற மெஷின்களில் இம்போர்ட் செய்யும்போது அதே அடையாள எண்ணையும் கடைசியில் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு புது எண் உண்டாகி, பத்துக்கும் பத்து விதமாக டாஸ்க் எழுத வேண்டிவரும்.

பிறகு டாஸ்க் ஷெட்யூலரில் கிரியேட் டாஸ்க். பேசிக் டாஸ்க் வேண்டாம், அதில் தேவையான பெட்டிகள் வராது. ஜெனரல் பக்கத்தில் சேஞ்ச் யூசர் என்பதை அழுத்தி சிஸ்டம் (விண்டோஸின் சொந்த உள் அக்கவுன்ட்) என்று எழுதுங்கள். அப்போதுதான் அட்மின் பாஸ்வேர்டை எங்கும் சேமிக்காமலேயே டாஸ்க் முழு உரிமையோடு ஓடும், ஸ்டாண்டர்ட் யூசர் அதை நிறுத்தவும் முடியாது. டிரிக்கரில் அட் லாக்ஆன். ஆக்ஷனில் புரோகிராம் பெட்டியில் பவர்சிஎஃப்ஜி, ஆர்க்யுமென்ட் பெட்டியில் செட்ஆக்டிவும் அடையாள எண்ணும். அதே டாஸ்க்கில் இரண்டாவது, மூன்றாவது ஆக்ஷனாகத் திரைக்கும் ஸ்லீப்புக்கும் சேஞ்ச் கட்டளைகள். இந்த வரிசை முக்கியம். சேஞ்ச் என்பது அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிளானைத்தான் திருத்தும். யாரோ பிளானை மாற்றி வைத்திருந்து, நீங்கள் சேஞ்சை முதலில் போட்டால், வேண்டாத பிளானைத் திருத்திவிட்டு நம் பிளானுக்குத் தாவும். நம் பிளானில் யாராவது நெவர் வைத்திருந்தால் அது அப்படியே நிற்கும்.

அடுத்து கண்டிஷன்ஸ் பக்கம். "ஏசி பவரில் இருந்தால் மட்டும் தொடங்கு" என்ற டிக் முன்கூட்டியே போட்டே வரும். லேப்டாப்பில் இதை எடுக்காவிட்டால் பேட்டரியில் இருக்கும்போது டாஸ்க் ஓடவே ஓடாது. டெஸ்க்டாப்தானே என்று இருப்பவர்களுக்கும் இதில் ஒரு குழி இருக்கிறது. யூபிஎஸ் பற்றிச் சொல்லும்போது வரும்.

ஆளுக்கு ஆள் வேறு வேண்டுமென்றால், டிரிக்கரில் எனி யூசர் என்பதற்குப் பதில் குறிப்பிட்ட யூசரைத் தேர்ந்தெடுத்து இரண்டு டாஸ்க் வையுங்கள்: ஆசிரியர் லாகின் ஆனால் ஒரு பிளான், மாணவர் லாகின் ஆனால் இன்னொன்று. லாக்அவுட் செய்யாமல் ஸ்விட்ச் யூசர் போட்டுத் தாவும் பழக்கம் இருந்தால் லாக்ஆன் டிரிக்கர் மட்டும் போதாது. ஆன் வொர்க்ஸ்டேஷன் அன்லாக் என்ற டிரிக்கரையும் அதே யூசருக்குச் சேருங்கள். பிளான் மெஷினுக்கு ஒன்றுதான் என்ற விதியை நாம் உடைக்கவில்லை, ஆள் மாறும்போதெல்லாம் பிளானைத் தூக்கி மாற்றி வைக்கிறோம்.

ஸ்லீப் வேண்டாம், ஆள் எழுந்து போனால் திரை பூட்டிக்கொண்டால் போதும் என்பவர்களுக்கு இந்தச் சுற்று எதுவும் தேவையில்லை. ஸ்க்ரீன்சேவர் டைம்அவுட்டும் பாஸ்வேர்டும் ஆளுக்கு ஆள் தனித்தனிதான். ப்ரோவில், எம்எம்சி கன்சோலில் குரூப் பாலிசி ஆப்ஜெக்ட் எடிட்டரைச் சேர்க்கும்போது பிரவுஸ், யூசர்ஸ் போய் நான்-அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அட்மினை விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் மட்டும் இதை வைக்கலாம். ஆதார் விவரம் திரையில் கிடக்கும் இ-சேவை மையத்துக்கு ஸ்லீப்பைவிட இந்தப் பூட்டுதான் அவசரம்.

அனுமதிப் பட்டியலையே திருத்துவது

பவர்சிஎஃப்ஜியில் கெட்செக்யூரிட்டிடிஸ்கிரிப்டர், செட்செக்யூரிட்டிடிஸ்கிரிப்டர் என்று இரண்டு ஸ்விட்ச் உண்டு. யார் பிளானை மாற்றலாம், யார் புதுப் பிளான் உண்டாக்கலாம் என்ற அனுமதியையே இவற்றால் திருத்தலாம். பாலிசி எடிட்டரும் வேண்டாம். சக்தி வாய்ந்த வழிதான். ஆனால் அனுமதி எழுதும் எஸ்டிடிஎல் மொழி எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினால் அட்மினே வெளியே நிற்கலாம். அந்த மொழி பழகியவர் மட்டும், பழைய மதிப்பை முதலில் கெட் போட்டு ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொண்டு தொடலாம். சின்ன சென்டருக்கு இது வேண்டாத வேலை.

ஷட்டவுன் பட்டன் காணாமல் போவது

"அண்ணே, ஷட்டவுனையே காணோம்ணே, பவர் ஆப்ஷனே இல்லைங்குது." இந்தப் புகார் வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஸ்டார்ட் மெனுவிலிருந்து ஷட்டவுன், ரீஸ்டார்ட், ஸ்லீப்பை நீக்கும் பாலிசியை யாரோ, அல்லது ஆன்லைன் தேர்வுக்காகப் போட்ட ஏதோ ஒரு சாஃப்ட்வேர், எனேபிள் செய்து வைத்திருக்கும். இல்லையென்றால் செக்பால் டாட் எம்எஸ்சியில் லோக்கல் பாலிசீஸ், யூசர் ரைட்ஸ் அசைன்மென்ட்டுக்குள் இருக்கும் "ஷட் டவுன் தி சிஸ்டம்" பட்டியலில் யூசர்ஸ் குழு நீக்கப்பட்டிருக்கும். சாதாரண விண்டோஸ் மெஷினில் அந்தப் பட்டியலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், பேக்அப் ஆபரேட்டர்ஸ், யூசர்ஸ் மூன்றும் இருக்கும்.

தெரிந்தே இதை எடுத்துவிடலாமா? டாலி டேட்டா மெஷினில் எடுக்கலாம். மாணவர் மெஷினில் எடுத்தால், ஷட்டவுன் கிடைக்காதவர் பவர் பட்டனை 5 வினாடி அழுத்திப் பிடித்தோ, நேரே சுவிட்ச்போர்டிலோ அணைப்பார். அது எந்தப் பாலிசியையும்விட ஹார்ட் டிஸ்க்குக்குக் கெடுதல்.

யூபிஎஸ், இபி ஷட்டவுன், தூக்கம்

மதுரைப் பக்கம் பவர் செட்டிங் பேசினால் மின்தடையை விட்டுப் பேச முடியாது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவது முன்பே அறிவிப்பாக வந்துவிடும்; கோடை மழையோடு வரும் காற்றுக்கு அறிவிப்பு கிடையாது.

சாதாரண ஸ்லீப்பில் திறந்து வைத்த வேலை முழுக்க ரேமில் இருக்கிறது. ரேமுக்குக் கரண்ட் போனால் வேலையும் போயிற்று. டெஸ்க்டாப்களில் இதற்காகவே ஹைப்ரிட் ஸ்லீப் என்று ஒன்று உண்டு: ரேமிலும் வைத்துக்கொண்டு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எழுதிவிடும். ஆனால் சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று பவர்சிஎஃப்ஜி ஹைபர்னேட் ஆஃப் கொடுப்பது நம்மூர் சர்வீஸ்காரர்களின் வழக்கமான கைவைத்தியம். ஹைபர்னேட்டுக்கான ஃபைல் ரேம் அளவில் சுமார் 40 சதவீதத்துக்கு டிஸ்க்கில் இடம் பிடிக்கும் என்பதால் 8 ஜிபி மெஷினில் 3 ஜிபிக்கு மேல் மிச்சமாகும். கூடவே ஹைப்ரிட் ஸ்லீப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சத்தமில்லாமல் போய்விடும். அதன் பிறகு ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால் சேவ் செய்யாததெல்லாம் காலி. யூபிஎஸ் இல்லாத மெஷினில் ஸ்லீப்பை நம்பாதீர்கள்: ஹைபர்னேட்டை ஆன் செய்து ஹைப்ரிட் ஸ்லீப்பை வையுங்கள், இல்லை நேராக ஹைபர்னேட் டைம்அவுட் வையுங்கள்.

யூபிஎஸ் இருந்தால் அதன் டேட்டா கேபிள் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி உள்ள யூபிஎஸ்ஸின் கேபிளைச் செருகினால் விண்டோஸ் அதை ஒரு பேட்டரியாகவே எடுத்துக்கொள்ளும்; டாஸ்க்பாரில் பேட்டரி படம்கூட வரும். க்ரிட்டிகல் பேட்டரி ஆக்ஷனை ஹைபர்னேட் அல்லது ஷட்டவுன் என்று வைத்துவிட்டால், ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போனாலும் மெஷின் ஒழுங்காக இறங்கிவிடும். நல்லதுதான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து டெஸ்க்டாப்பும் "ஆன் பேட்டரி" கணக்கில் வந்துவிடுகிறது. ப்ளக்ட் இன் பாலிசியை மட்டும் வைத்து ஆன் பேட்டரியை விட்டிருந்தால், கரண்ட் போனதும் வேறு டைம்அவுட் ஓடும். ஏசி டிக்கை எடுக்காத டாஸ்க்கும் அப்போது ஓடாது. இரண்டு மதிப்பையும் எப்போதும் சேர்த்தே வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தூங்கி எழுந்ததும் கருவி தெரியவில்லை, பிடுங்கிச் செருகினால் வருகிறது என்றால், பிளானின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் "மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுக்க வேண்டும். முதலாவதை ஸ்டாண்டர்ட் யூசரே செய்யலாம். இரண்டாவதற்கு அட்மின் வேண்டும்.

இரவில் மொத்தமாக அணைத்துவிடுவது

ஸ்லீப் சிக்கல் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு: சிஸ்டம் பெயரில் இன்னொரு டாஸ்க், இரவு 8.30-க்கு ஷட்டவுன் கட்டளை, 300 வினாடி அவகாசம், சி ஸ்விட்சில் "5 நிமிடத்தில் அணையும், சேவ் செய்துகொள்ளவும்" என்ற செய்தி. அவகாச நேரம் கொடுத்தாலே திறந்திருக்கும் புரோகிராம்களை வலுக்கட்டாயமாக மூடிவிடும், சேவ் செய்தாயா என்று கேட்காது. பத்து மெஷின் சென்டருக்கு இதுவும் டாஸ்க் ஷெட்யூலர் வழியும் சேர்ந்தால் போதும்; ப்ரோவாக இருந்தால் டாஸ்க்குக்குப் பதில் பாலிசி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எப்படியும் மெஷின் மாற்றப்போகிறவர்கள் ப்ரோவா ஹோமா என்பதை வாங்கும்போதே கேட்டு வாங்கினால் இந்தத் தேர்வு எளிதாகிவிடும்.

புது லேப்டாப்களில் இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. பவர்சிஎஃப்ஜி ஏ என்று கொடுத்துப் பாருங்கள். எஸ்3 (வழக்கமான ஸ்லீப்) இல்லை, எஸ்0 லோ பவர் ஐடில் இருக்கிறது என்று வந்தால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை மெஷின், அதாவது போன் மாதிரி அரைத் தூக்கத்தில் இருப்பது. அங்கே பேலன்ஸ்டு பிளான் ஒன்றைத்தான் காட்டும். பிளான் மாற்றி வைக்கும் வேலைகளை விட்டுவிட்டு டைம்அவுட்டுகளை மட்டும் வையுங்கள். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் தெரியும் பவர் மோட் என்பது பிளானுக்கு மேல் வரும் வேறொரு அடுக்கு. அதை மாணவர் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் என்று வைத்தால் மின்விசிறி சத்தம் கூடும், ஸ்லீப் நேரம் மாறாது.

லினக்ஸ் லேப்

அரசு லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் பார்த்தவர்களுக்கும் உபுண்டு லேப் வைத்திருப்பவர்களுக்கும்: க்னோம் டெஸ்க்டாப்பில் பவர் செட்டிங் ஆளுக்கு ஆள் தனி, விண்டோஸுக்கு நேர் எதிர். பூட்டுவதற்கு, க்னோம் தன் செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் டிகான்ஃப். ஈடிசி அடியில் டிகான்ஃப், டிபி, லோக்கல் டாட் டி ஃபோல்டரில் மதிப்பை எழுதி, அதற்குள்ளேயே லாக்ஸ் ஃபோல்டரில் அந்தச் சாவியின் முழுப் பாதையை எழுதி, டிகான்ஃப் அப்டேட் ஓட்ட வேண்டும். எண் இங்கேயும் வினாடிதான். பூட்டியும் தூங்குகிறதே என்று குழம்புபவர்கள் லாகின் திரையைப் பார்க்க வேண்டும். யாரும் நுழையாத நேரத்தில் ஓடுவது ஜிடிஎம் என்ற தனி யூசர், அதற்குத் தனி மதிப்பு. எந்தச் சூழ்நிலையிலும் தூங்கவே கூடாத மெஷின் என்றால் சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கொடுத்து ஸ்லீப், சஸ்பெண்ட், ஹைபர்னேட் டார்கெட்டுகளை மூடிவிடுவதே சுருக்கம்.

எல்லாம் வைத்தும் தூங்காவிட்டால்

அட்மின் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி ரெக்வெஸ்ட்ஸ் கொடுங்கள். எந்த புரோகிராம் அல்லது டிரைவர் பிடித்து வைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டும். பிரவுசரில் ஓடும் வீடியோதான் பாதி நேரம். தானே விழித்துக்கொள்கிறது என்றால் லாஸ்ட்வேக், வேக்டைமர்ஸ் இரண்டையும் பாருங்கள். ராத்திரி பேக்அப்புக்காக டாஸ்க் எழுப்பியும் பாதியிலேயே மறுபடி தூங்கிவிடுகிறது என்றால் குற்றவாளி வேறு: ஆள் தொடாமல் விழித்த மெஷினுக்கு விண்டோஸ் அன்அட்டென்டட் ஸ்லீப் டைம்அவுட் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது, வழக்கமாக 2 நிமிடம். செட்டிங்ஸில் தெரியாது. பவர்சிஎஃப்ஜி செட்ஏசிவேல்யூஇண்டெக்ஸில் ஸ்கீம்_கரன்ட், சப்_ஸ்லீப், அன்அட்டென்ட்ஸ்லீப் என்று கொடுத்து, பேக்அப் 40 நிமிடம் ஓடுமென்றால் 3600 என்று வைத்து, பிளானை ஒருமுறை செட்ஆக்டிவ் செய்துவிடுங்கள்.